பச்சை எரிந்த பிறகும் நின்ற வண்டி

உங்கள் பயிற்சிப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உற்சாகம் தருகிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டார். உற்சாகம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பிடித்திருக்க வேண்டும். ஓரகடத்தில் கார் சீட் செய்யும் ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் தலை நரைத்து வெளியே வந்தவன் நான். என்னிடம் இருப்பது வேறு சரக்கு. அதையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டார் என்பதால் எழுதுகிறேன்.

ஜேசன் (JSON) என்ற வடிவத்தில் தகவலை எழுதுவது எப்படி, ஒரு வெப் சர்வீசுக்கு அதை எப்படி அனுப்புவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். இரண்டு வளைவு அடைப்புகளுக்கு நடுவே பெயரும் மதிப்புமாகக் கோத்து, அந்தப் பக்கம் இருக்கும் கணினிக்கு அனுப்புகிறோம். அதுவும் இதே வடிவத்தில் ஒரு பதில் அனுப்புகிறது. வேலை அவ்வளவுதான். அனுப்புவதற்கு எல்லோரும் மெனக்கெடுகிறார்கள். வந்த பதிலைப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் சீட்டுகள் போவது கொஞ்ச தூரத்தில் இருந்த ஒரு கார் ஆலைக்கு. அங்கே கார் தயாராகும் லைனில் எந்தக் கார் முன்னால் வருகிறதோ, அதற்கான சீட் வண்டியில் முன்னால் இருக்க வேண்டும். சிவப்புக் காருக்குப் பின்னால் வெள்ளைக் கார் என்றால், எங்கள் லாரியிலும் அதே வரிசை. கையிருப்பு என்று அவர்கள் எதையும் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் வண்டி தாமதமானால் அவர்கள் லைன் நிற்கும். லைன் நின்றது என்றால் எங்கள் கம்பெனியில் முதலாளியிலிருந்து துடைப்பம் பிடிப்பவர் வரை எல்லோரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

முதலில் எல்லாம் வண்டி கிளம்பும் முன் ஃபேக்ஸ் அனுப்புவோம், பிறகு மின்னஞ்சல் ஆனது. 2013 வாக்கில் கார் ஆலை, இனி ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் அதன் விவரத்தை எங்கள் சர்வருக்கு ஜேசனாக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. வண்டி எண், சீட் வரிசை, எந்த மேடையில் இறக்க வேண்டும், அனுப்பியவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தகவல் ஏற்கப்பட்டால்தான் அவர்கள் வாசலில் இருக்கும் காவலாளியின் திரையில் வண்டி எண் வரும். வராவிட்டால் கம்பியைத் தூக்க மாட்டார்கள்.

இதைச் செய்து கொடுக்க சென்னையிலிருந்து ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தைப் பிடித்தார் எங்கள் ஆலைக்குப் பொறுப்பான பிளான்ட் ஹெட். நான் அப்போது சம்பளக் கணக்கு, சர்வர், பிரிண்டர் என்று அல்லாடிக்கொண்டிருந்தேன். இந்த வேலையில் என்னைச் சேர்க்கவில்லை. பாஸ்வேர்டுகூட என்னிடம் இல்லை. "உற்பத்தி சம்பந்தப்பட்டது உற்பத்தியோட இருக்கட்டும் சார், உங்களுக்கு ஏன் சிரமம்" என்று பிளான்ட் ஹெட் அன்பாகச் சொன்னார். அன்பாகச் சொன்னால் வராதே என்று அர்த்தம். உங்களுக்கும் இது சீக்கிரமே புரியும்.

அவர் கெட்டிக்கார இன்ஜினியர். ஒரு இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எங்கே தேய்கிறது என்று சொல்வார். ஆனால் தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதுவாக இருந்தாலும் விளக்கு வேண்டும். இயந்திரம் ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. கழிவறையில் தண்ணீர் இருக்கிறதா என்பதற்கும் விளக்கு வைக்கச் சொல்லியிருப்பார்கள். இந்த ஜேசனுக்கும் ஒரு விளக்குக் கம்பம் கேட்டார் அவர். "டிஸ்பாட்ச்ல உக்காந்திருக்கிற பொண்ணு இங்கிலீஷ்ல வர்றதெல்லாம் படிச்சிக்கிட்டிருக்க முடியாது. போச்சுன்னா பச்சை, போகலைன்னா சிவப்பு. முடிஞ்சுது."

சென்னைக்காரர்களும் அப்படியே செய்தார்கள். இங்கேதான் கோளாறு. எதிர்ப்பக்கத்து சர்வர் 200 என்ற குறியீட்டைத் திருப்பி அனுப்பினால் பச்சை எரியும். அந்த 200 என்பது தகவல் கைக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான். ஏற்றுக்கொண்டோமா, தள்ளினோமா, தள்ளியதற்கு என்ன காரணம் என்பதெல்லாம் அதனுடன் வரும் பதிலின் உள்ளே இருக்கும். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் முத்திரை குத்தித் தருவார்கள். அதைப் பார்த்துவிட்டு பட்டா கிடைத்துவிட்டது என்று யாராவது வீட்டுக்குப் போவார்களா? எங்கள் விளக்கு அப்படித்தான் போனது. ஆயுத பூஜைக்கு அந்தக் கம்பத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டோம். பதில்களை நிரல் ஒரு கோப்பில் வரிசையாகச் சேர்த்து வைத்தது. அதைத் திறந்து பார்க்க ஆள் இல்லை.

வண்டிகளை அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில், அந்த விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள் முத்துலட்சுமி. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்தவள். டிப்ளமோ முடித்துவிட்டு, பென்னலூரில் ஒரு வரிசை வீட்டில் மற்றப் பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஒப்பந்தத்தில்தான் வேலை. ஆனால் அந்த வருடம் நிரந்தரம் செய்யப் போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் போயிருந்தது. அதுவும் பிளான்ட் ஹெட்டே சிபாரிசு செய்து போன பெயர். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு நிரந்தரம் என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. அடையாள அட்டையின் பட்டை நிறம் மாறும். கேன்டீனில் வேறு வரிசையில் நிற்கலாம். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தால், மறுநாள் வேலை இருக்குமா என்று யோசிக்க வேண்டியதில்லை. முத்துலட்சுமி யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். அவள் மேசையைக் கடந்து போகும்போது மட்டும், "சாப்ட்டீங்களா சார்" என்பாள்.

கார் ஆலை புதிதாக ஒரு இறக்கும் மேடை திறந்தது. பழைய மேடைகளுக்கு 11, 12 என்று எண்கள். இதற்கு 07 என்று பூஜ்யத்தோடு வைத்தார்கள். முதல் வண்டியை அங்கே அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. முத்துலட்சுமி 07 என்றுதான் அடித்தாள். எங்கள் நிரல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டது. எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் 7 என்று அனுப்பியது. 7 என்ற மேடையே எங்களிடம் இல்லை, இந்தத் தகவலை ஏற்க முடியாது என்று அந்தப் பக்கத்து சர்வர் தெளிவாகப் பதில் சொன்னது. பதிலோடு 200-ம் வந்தது. பச்சை எரிந்தது. வண்டி கிளம்பியது.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் லாரி ஓட்டுநர் ஏழுமலையின் போன்தான். வாலாஜாபாத்துக்காரர், பல வருடங்களாக எங்கள் சீட்டை ஏற்றிக்கொண்டு போகிறவர். நான் ஒரு பிரிண்டரைப் பார்க்க டிஸ்பாட்ச் பக்கம் போயிருந்தேன். முத்துலட்சுமி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"யம்மா, கேட்ல உட மாட்டேன்றான். ஸ்கிரீன்ல நம்ம வண்டியே இல்லியாம். பின்னால வேற வண்டிங்கோ ஹாரன் அடிச்சிகினு கீது. இன்னா பண்ணட்டும்?"

"அண்ணே, நா அனுப்பிட்டேன்லா. பச்ச எரிஞ்சத பாத்துட்டுதான உங்கள விட்டேன்."

"நானும்தான் பாத்தேன். அத இவன்கிட்ட சொன்னா, உன் வூட்டு லைட்டு எரிஞ்சா எனக்கு இன்னான்றான்."

அவள் மறுபடியும் அனுப்பினாள். பச்சை. ஏழுமலை அங்கிருந்து, "வர்ல" என்றார். மறுபடியும் அனுப்பினாள். பச்சை. "வர்லம்மா." அவள் விரல் அந்த விசையை விட்டு எழவே இல்லை. ஒவ்வொரு தடவையும் பச்சை எரிந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த சர்வர் அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் அதே பதிலைச் சொல்வதில் இயந்திரத்தை மிஞ்ச ஆளில்லை. நமக்குத்தான் காது இல்லை.

அதற்குள் பிளான்ட் ஹெட் படியிறங்கி ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அங்கே லைன் நின்றுவிட்டது என்று புரிந்தது. வாய்க்கு வந்தபடி கத்தினார். சென்னை நிறுவனத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் எடுத்தவன் எதையும் திறந்து பார்க்காமலே சொன்னான்: "வண்டி கேட்டுக்குப் போன பிறகு அனுப்பினா அவங்க சிஸ்டம் எடுத்துக்காது சார். முதல்லயே அனுப்பியிருக்கணும்."

நான் பின்னால் நின்றபடி கேட்டேன். "சார், அவங்க சர்வர் என்ன பதில் அனுப்பிச்சுதுன்னு யாராவது பாத்தீங்களா?"

"என்ன பதில்? பச்சை எரியுது பாருங்க. லைன் நின்னுபோய் உயிர் போகுது, நீங்க வேற."

அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பதில்கள் இருந்த கோப்பைத் திறக்கப் பாஸ்வேர்டு என்னிடம் இல்லை. கடைசியில் கார் ஆலையின் ஒரு அதிகாரி வாசலுக்கு வந்து, கையால் பதிவு செய்து வண்டியை உள்ளே விட்டார். புதிய மேடை சரியாகும் வரை பழைய மேடைக்கே வாருங்கள் என்று உத்தரவும் போட்டார். அடுத்த வண்டி 11 என்று போனது, உடனே உள்ளே விட்டார்கள். வியாதி அப்படியே உள்ளே இருக்க, காய்ச்சல் மட்டும் இறங்கிவிட்டது.

இனி வருவதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. நிரல் தவறு செய்யும். அது அதிசயம் இல்லை. தவறுக்குப் பிறகு நம் தொழிற்சாலைகளில் ஒரு சடங்கு நடக்கிறது. வாடிக்கையாளர், லைன் நின்றதற்கு மூல காரணம் என்ன என்று உடனே எழுதிக் கேட்பார். நாம் ஒரு கூட்டம் போட்டு, ஏன், அது ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த நல்ல முறைதான். நம் ஊரில் அந்த ஐந்தாவது ஏன் எப்போதும் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் தலையில் போய் உட்காரும். தொழிலாளியின் கவனக்குறைவு, பயிற்சி அளிக்கப்பட்டது, சம்பந்தப்பட்டவர் மாற்றப்பட்டார் என்று மூன்று வரி எழுதினால் வாடிக்கையாளர் மறு கேள்வி கேட்காமல் மூடிவிடுவார். மென்பொருளில் கோளாறு என்று எழுதினால் ஆள் அனுப்பி ஆராய்வார், மற்ற எல்லாவற்றையும் கிளறுவார். அதனால் கூட்டத்துக்குப் போகும்போதே எல்லோருக்கும் கடைசி விடை தெரியும். கேள்விகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் அமைத்தார்கள். ஏன் வண்டி நின்றது? தகவல் வரவில்லை. ஏன் வரவில்லை? அனுப்பப்படவில்லை, கார் ஆலையின் திரையிலேயே இல்லையே. ஏன் அனுப்பப்படவில்லை? விசையை அழுத்த மறந்துவிட்டார். பச்சை எரிந்ததே? அது முந்தைய வண்டிக்கு எரிந்த பச்சை, அதைப் பார்த்து ஏமாந்துவிட்டார். இப்படி அடுக்கிக்கொண்டே போனால் எவருக்கும் நம்பிக்கை வந்துவிடும். பொய்யை இவ்வளவு ஒழுங்காக அடுக்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏழுமலை தானே வந்து, புதுசாகத்தான் எரிந்தது என்று சொன்னார். அவரும் ஒப்பந்தம்தானே, அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசுக்கு வெளியே பெஞ்சில் முத்துலட்சுமி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கையில் ஒரு வெள்ளைத்தாள்.

"நா அமுக்குனேன் சார்" என்றாள். கேட்காமலே சொன்னாள். "அமுக்க மறந்துட்டேன்னு எழுதிக் குடுன்னு சொல்லுதாவ. எழுதிக் குடுத்தா வார்னிங்கோட விட்டுருவோம், பெர்மனென்ட் லிஸ்ட்ல பேர் அப்படியே இருக்கும்னு எச்.ஆர். சார் சொன்னாவ. எழுதட்டுமா சார்?"

எழுதாதே என்று சொன்னேன். உண்மையில் நடந்ததை மட்டும் எழுது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கணக்கு ஓடியதைப் பார்த்தேன். நான் யார்? பிரிண்டர் சரிசெய்பவன். எச்.ஆர். என்பவர் கேட் பாஸ் கொடுப்பவர். அவள் அவர்கள் சொன்னபடி எழுதிக் கொடுத்தாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் அறிக்கை மூடப்பட்டது. சம்பந்தப்பட்டவர் மாற்றப்பட்டார் என்று அதில் எழுதியாயிற்றே. அடுத்த வாரம் அவள் அட்டையை வாசலில் காட்டினாள். கதவு திறக்கவில்லை. காரணம் கேட்டதற்குக் காவலாளி கான்ட்ராக்டரைப் போய்ப் பார் என்றான். கான்ட்ராக்டர் கம்பெனியைக் கேள் என்றான். நான் எச்.ஆரிடம் போய்ச் சண்டை போட்டேன். "அவங்களே ஒத்துக்கிட்டாங்க சார், கையெழுத்து இருக்கு" என்று அமைதியாகச் சொன்னார். இப்படி அமைதியாகப் பேசுகிறவர்களிடம் சண்டை போட்டு ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை.

மாதங்கள் ஓடின. சென்னை நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்க மனமில்லாமல், எல்லாவற்றையும் என் தலையில் கட்டினார்கள். அதே சமயம் கார் ஆலை 07 மேடையை மறுபடியும் திறக்கப் போவதாகச் செய்தி அனுப்பியது. பாஸ்வேர்டு கைக்கு வந்ததும் நான் முதலில் திறந்தது பதில்கள் சேர்ந்திருந்த கோப்பைத்தான். அன்றைய தேதிக்குப் போனேன்.

எல்லாம் இருந்தது. அவள் அழுத்திய முதல் தடவை, வண்டி கிளம்பும் முன். அனுப்பியவர் என்ற இடத்தில் அவள் பணியாளர் எண். அதற்குக் கீழே பதில்: ஏற்கப்படவில்லை, அப்படி ஒரு மேடை இல்லை. பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது, அதே எண், அதே பதில். நான் எண்ணவில்லை. எண்ண மனம் வரவில்லை. நாங்கள் எல்லோரும் அந்தப் பெண்ணைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தபோது, காரணம் அவள் உட்கார்ந்திருந்த கணினிக்குள்ளேயே வந்து விழுந்துகொண்டிருந்திருக்கிறது.  

ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த இடத்தில் சொன்னால்தான் மனதில் நிற்கும். போகவில்லை என்று தெரிந்தால் அதையே மறுபடி மறுபடி அனுப்பாதீர்கள். கையை எடுங்கள். சுற்றி யார் கத்தினாலும் கத்தட்டும். வந்திருப்பதை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். குறியீட்டை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள்.

பிளான்ட் ஹெட்டின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் திரையில் காட்டினேன். அவர் வரிவரியாகப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்க சொல்றது கரெக்ட்" என்றார். "அந்தப் பொண்ணு அழுத்தியிருக்கா."

எனக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்தது. சொன்னால் வெட்கம்தான், சொல்கிறேன். அந்த ஒரு நொடியில் அவள் திரும்பி வந்து அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டதாகவே நினைத்தேன்.

"ஆனா ரிப்போர்ட் க்ளோஸ் ஆயிடுச்சு சார்" என்றார். "இப்போ போய், நாங்க குடுத்த காரணம் தப்புன்னு சொன்னா என்ன ஆகும்? அப்போ நீங்க குடுத்த மத்த காரணமெல்லாம் என்னன்னு கேப்பான். புது மாடலுக்கு நம்மளக் கூப்பிடவே மாட்டான். அத நம்பி லைன்ல எத்தன பேர் இருக்காங்க. நான் யாரப் பாக்கறது?"

"அப்போ முத்துலட்சுமி?"

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "வேற கம்பெனில சொல்லி வைக்கறேன். இத மட்டும் சரி பண்ணிடுங்க. சத்தமில்லாம."

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்ன பயம் உண்மையான பயம். ஓரகடம் சாலையில் இருக்கும் எந்தக் கம்பெனியிலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அதையேதான் சொல்லியிருப்பார். என்னை இன்றுவரை உடைப்பது இதுதான்.

சத்தமில்லாமல் சரி செய்தேன். பூஜ்யம் விழாதபடி மாற்றினேன். பதிலின் உள்ளே படித்து, ஏற்கப்பட்டால் மட்டும் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு என்று வைத்தேன். இதையாவது செய்தோமே என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதுவும் நிலைக்கவில்லை. சிவப்பு அடிக்கடி எரிய ஆரம்பித்தது. வண்டி எண்ணில் ஒரு எழுத்து விட்டுப்போனால், சீட் வரிசை பொருந்தாவிட்டால் என்று எல்லாவற்றுக்கும் எரிந்தது. முன்பெல்லாம் பழைய மேடைகளுக்குப் போகும் வண்டிகளின் இந்தச் சின்னத் தவறுகளை அந்தப் பக்கம் யாரோ வாசலில் கையால் சரிசெய்து உள்ளே விட்டிருக்கிறார்கள். நமக்குத் தெரிந்ததில்லை. இப்போது தெரிந்தது. சிவப்பு எரிந்தால் வண்டி நிற்கும், மேலிருந்து யாராவது வருவார்கள், ஏன் என்று கேட்பார்கள். தொழிற்சாலையில் சிவப்பு விளக்கை யாருக்கும் பிடிக்காது.

"பழையபடி அனுப்பினதும் பச்சை எரியட்டும்" என்று உத்தரவு வந்தது. "பதில்ல ஏதாவது பிரச்சனைன்னா எல்லாருக்கும் ஒரு மெயில் போற மாதிரி பண்ணிடுங்க." மறுத்துப் பேசினேன். எழுத்துமூலமாகவும் மறுத்தேன். பிறகு வேறொருவனை வைத்துச் செய்துகொண்டார்கள். எல்லாருக்கும் போகும் மெயிலை எத்தனை பேர் படிப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முத்துலட்சுமியின் மேசையில் வேறொரு ஊரிலிருந்து வந்த வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளும் பச்சையைப் பார்த்துத்தான் வண்டியை விட்டாள்.

விளக்கு பழையபடி மாறிய அன்றைக்குத்தான் முத்துலட்சுமியைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வேலையை மீட்டுக் கொடுக்க முடியாது. நடந்தது அவளுக்காவது தெரியட்டும் என்று நினைத்தேன். ஏழுமலையிடம் கேட்டேன்.

"பென்னலூர்லதான் கீது சார், அதே ரூமு. வேற கம்பெனில பேக்கிங்குல சேந்துகிச்சு. ஊருக்குப் போலயான்னு கேட்டேன். எந்த மூஞ்சிய வச்சிகினு போறதுன்னு கேக்குது சார்" என்றார்.

ஒரு நாள் மதிய ஷிஃப்டுக்குப் பெண்கள் கிளம்பும் நேரத்தில் போனேன். வரிசை வீடுகளுக்கு முன்னால் கொடியில் துணிகள். முத்துலட்சுமி அறையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துதான் போனாள். கம்பெனியிலிருந்து ஏதோ கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பஸ் நிற்கும் இடம் வரை அவளுடன் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்யம் விழுந்தது, சர்வர் சொன்ன பதில், அவள் எண், வண்டி கிளம்பும் முன்பே அவள் அழுத்தியது எல்லாம்.

அவள் நின்றுவிட்டாள். "அப்பம் நா அமுக்குனேனா சார்?"

"நீ அமுக்கினேம்மா. ஒவ்வொரு தடவையும். என் கண்ணால பாத்தேன்."

"நா மறந்துட்டேன்னுதான் சார் இருந்தேன்" என்றாள். "எழுதிக் குடுக்கும்போது பொய்யின்னு தெரியும். பொறவு வீட்ல கேட்டாவ, கான்ட்ராக்டர் கேட்டாவ, இந்தக் கம்பெனில சேரும்போதும் கேட்டாவ. மறந்துட்டேன் மறந்துட்டேன்னு சொல்லிச் சொல்லி, நெசமாவே மறந்துட்டமோன்னு ஆயிட்டு. எம் மேலயே எனக்கு நம்பிக்க இல்லாம போயிட்டு சார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத நீங்க அவங்ககிட்ட சொன்னீயளா?"

"சொன்னேன்."

"நம்பலியா?"

நம்பவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "நம்பினாங்கம்மா. நீ அமுக்கினேன்னு ஒத்துக்கிட்டாங்க. ரிப்போர்ட்ட மட்டும் மாத்த முடியாதுன்னுட்டாங்க."

 அவள் மறுபடியும் நடக்கத் தொடங்கினாள். பிறகு, "எப்படியோ சார், நா அமுக்கிருக்கேன். அது போதும்" என்றாள். முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்த மாதிரி எனக்குப் பட்டது. வந்ததற்கு இதுவாவது பலன் என்று நினைத்துக்கொண்டேன். கம்பெனி பஸ் வந்து நின்றது. மற்றப் பெண்கள் ஏறினார்கள். அவளும் என்னைக் கும்பிட்டுவிட்டுப் படியில் ஒரு காலை வைத்தாள்.

வைத்த காலை எடுத்தாள். "அண்ணே, ஒரு நிமிசம், இந்தா வந்துருதேன்" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே அறையைப் பார்த்து ஓடினாள்.

ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "டெய்லி இதே ரோதன சார். பூட்டிட்டுதான் வருது. பூட்டலன்னு சொல்லிகினு திரும்ப ஓடுது."

நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அவள் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். பூட்டு பூட்டித்தான் இருந்தது.